ஈம் கிராமத்தில் நான்கு நாள்

ஆகஸ்ட் 24, வியாழன்

ஷெஃபீல்டிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். இங்கிலாந்தின் டார்பிஷயர் குன்றுகளுக்கு நடுவே கல் வீடுகள். சர்ச்சுக்குப் பக்கத்து வீடுகளின் முன்னால் பச்சைப் பலகைகள் இருக்கின்றன. 1665, 66இல் அந்தந்த வீட்டில் கொள்ளைநோயில் இறந்தவர்களின் பெயர்கள் அவற்றில். லண்டனிலிருந்து தையல்காரருக்கு வந்த துணி மூட்டையில் தெள்ளுப்பூச்சியும் வந்தது என்கிறார்கள். அதைப் பிரித்து உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ்தான் முதலில் போனார். 14 மாதத்தில் 260 பேர். ஒரு பலகைக்குக் கீழே சேறு காயாத ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடு.

ஆகஸ்ட் 25, வெள்ளி

கிணற்று அலங்காரம் நடக்கிறது. உப்புப் போட்டுப் பிசைந்த களிமண்ணைப் பலகையில் பூசி, அதில் பூவிதழ்களைப் பதித்து, ஊர்க் கிணறுகளில் வைக்கப் படம் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு நின்ற என் கையிலும் ஒரு பாட்டி ஹைட்ரேஞ்சியா இதழ்களைக் கொடுத்தார். “கீழேயிருந்து மேலே வாருங்கள், ஓடு வேய்கிற மாதிரி. அப்போதுதான் மழைத்தண்ணீர் வழிந்து ஓடும்.” இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கை அகலம்தான் முடிந்தது.

ஆகஸ்ட் 26, சனி

ஸ்டோனி மிடில்டன் போகும் பாதையில் எல்லைக்கல். மேலே ஆறு குழிகள். கொள்ளைநோய்க் காலத்தில் ஊர்க்காரர்கள் அவற்றில் வினிகர் ஊற்றி, தொற்று ஒட்டாமல் இருக்க அதில் காசு போட்டுவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். 1666 ஜூனில் பாதிரியார் வில்லியம் மாம்பசன் யாரும் உள்ளே வெளியே போகாமல் ஊரை அடைக்கச் சொன்னபோது ஜனங்கள் அவர் பேச்சை மட்டும் நம்பிவிடவில்லை. முன்பு பதவி பறிக்கப்பட்ட பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியும் கூட நின்று பேசிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். இந்த ஸ்டான்லியை இன்னும் அதிகமாக நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் ரைலி கல்லறைகள். வயல் நடுவே வட்டமான தாழ்ந்த சுவர். 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எலிசபெத் ஹேன்காக் தன் கையாலேயே புதைத்தார். அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. சுவருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, நினைவு வழிபாடு. சர்ச்சுக்குள் கூடினால் தொற்றும் என்று அன்று கக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கில் வெட்டவெளியில் கும்பிட்டார்கள், குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்று. இன்றும் அதே புல்வெளிதான். வெள்ளிக்கிழமைப் பாட்டி என்னைப் பார்த்ததும் தன் போர்வையில் நகர்ந்து இடம் கொடுத்தார்.