சம்பளத்துல புடிச்ச பிஎஃப் எங்க போச்சு?

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கத்துல இருந்து தினம் பார்டர் தாண்டி ஆந்திராவுல இருக்குற தடாவுக்கு வேலைக்கு போற கூட்டத்துல நானும் ஒருத்தன். எங்க மேனேஜர் பேச்சுல தேன் ஒழுகும், "ஏம் தம்முடு, பாகுன்னாவா"ன்னு (என்ன தம்பி, நல்லா இருக்கியான்னு) தெலுங்குல கேட்டு தோள்ல கை போடுவாரு, ஆனா மாசாமாசம் பிஎஃப்னு, அதாவது வருங்கால வைப்பு நிதின்னு, 12 சதவீதம் புடிக்கிறாங்களே அது பிஎஃப் பாஸ்புக்ல ஏறவே இல்ல, கேட்டா சர்வர் பிரச்சனையாம். எத்தன மாசம்யா சர்வர் படுத்துக்கும்?

இந்த மாதிரி ஆளுகிட்ட கத்தி பிரயோஜனம் இல்லங்க, மறுநாளே கேட்ல நிறுத்திடுவாங்க. பேப்பர சேருங்க. சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப்ல அவர் சொன்ன சால்ஜாப்பு எல்லாத்தையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வச்சுக்கங்க, கம்பெனி மெயில நம்பாதீங்க. ஒரு மாசம் புடிச்ச பிஎஃப் பணத்த கம்பெனி அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டியாகணும், கட்டலன்னா இபிஎஃப்ஓ (பிஎஃப பாத்துக்குற அரசு அமைப்பு) குறைதீர்ப்பு சைட்ல உங்க யுஏஎன் நம்பர் (ஒவ்வொரு பிஎஃப் உறுப்பினருக்கும் குடுக்குற நம்பர்) போட்டு கம்ப்ளைன்ட் பண்ணலாம், கம்பெனி ஆந்திராவுல இருந்தாலும் வீட்ல உக்காந்தே போடலாம். புடிச்சுட்டு கட்டாம விட்டா கிரிமினல் கேஸ் வரைக்கும் போகும், இது நிறைய பேருக்கு தெரியல.

தனியா மட்டும் போடாதீங்க. நாங்க ஷிஃப்ட்ல இருந்தவங்க எல்லாரும் சேர்ந்துதான் போட்டோம், கொஞ்சம் ஏறியிருக்கு, மீதிக்கு இன்னும் அலையுறோம்.