முதலில் வீட்டுக்கு அடியில் பாருங்கள்

"அக்கா, பழைய மேனுஃபாக்சர்டு ஹோம் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?" தொழிற்சாலையில் கட்டி, இரும்புச் சட்டத்தோடு இழுத்துவந்து நிறுத்துகிற வீடுதான் மேனுஃபாக்சர்டு ஹோம். இரண்டு பாதிகளாக வந்து இணைப்பது டபுள்வைடு. நாங்கள் டெக்சாஸில் அப்படியொரு டபுள்வைடில் குடியிருப்பது தெரிந்தவர்கள் இப்படிக் கேட்டு போட்டோ அனுப்புவார்கள். புது கிச்சன் கவுண்டர், பளபளக்கும் தரை, வெள்ளை பெயின்ட் எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கு அடியில் எடுத்த படம் மட்டும் இருக்காது. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

தரையில் படுத்து, டார்ச்சோடு ஸ்கர்ட்டிங்குக்குள், அதாவது வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மறைக்கும் தடுப்புக்குள், தலையை விடுங்கள். இரும்புச் சட்டத்துக்கு மேலே கறுப்பு ஷீட் ஒன்று இழுத்துக் கட்டியிருக்கும். பெல்லி என்பார்கள். இன்சுலேஷன், தண்ணீர்க் குழாய், ஏசி டக்ட் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. ஷீட் ஓரிடத்தில் கனத்துத் தொங்கினால் உள்ளே குழாய் கசிகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கிழிந்திருந்தால் எலிகள் குடியேறியிருக்கும். கசிவைக் கண்டுபிடிக்காமல் மேலே டேப் ஒட்டி மூடினால், ஈரம் உள்ளேயே நின்று தரைப்பலகையைத் தின்றுவிடும். பழைய வீடுகளில் தரை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. ஒருமுறை ஊறி உப்பினால் மறுபடி சரியாகாது, அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் பிளைவுட் போடத்தான் வேண்டும். டாய்லெட்டைச் சுற்றி, வாஷிங் மெஷின் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே குதிகாலால் அழுத்திப் பாருங்கள்.

குழாய் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக இருந்து, மேலே பிபி2110 என்று அச்சிட்டிருந்தால் அது பாலிபியூட்டிலீன் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். 1978 முதல் 1995 வரை நிறைய வீடுகளில் போட்டார்கள். உடையும் என்பது ஊரறிந்த விஷயம். பெக்ஸ் என்கிற இப்போதைய பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுகிற செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். டபுள்வைடு என்றால் இரண்டு பாதிகளையும் இணைக்கும் பெரிய ஃப்ளெக்ஸ் டக்டையும், அதாவது வளையும் காற்றுக் குழாயையும், பாருங்கள். அது மண்ணில் கிடந்து கிழிந்திருந்தால் உங்கள் ஏசி பூமியைத்தான் குளிரவைத்துக்கொண்டிருக்கும். ஈரம் மேலே ஏறாமல் மண்மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமனில் பாலிதீன் விரித்திருக்கிறதா, துணி உலர்த்தும் மெஷினின் குழாய் ஸ்கர்ட்டிங்குக்கு வெளியே வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் பெரிய தொல்லை மண்தான். ஆஸ்டினிலிருந்து டாலஸ் வரை கரிசல் களிமண். மழையில் உப்பும், வறட்சியில் சுருங்கி வெடிக்கும். வீட்டைத் தாங்குகிற கான்கிரீட் கட்டைத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு ஏறி இறங்கும். மேலே இருப்பவர்களுக்கு அது கதவில்தான் தெரியும். நேற்றுவரை பூட்டிய படுக்கையறைக் கதவு இன்று நாதாங்கியில் விழாது. இரண்டு பாதிகளும் சேருகிற கோட்டில், மேற்கூரையை ஒட்டி மயிரிழையாக விரிசல் ஓடும். கதவைச் சீவாதீர்கள். அடியில் மட்டம் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்காரரும் நானும் மட்டம் பார்ப்பது ஊரில் கொத்தனார் பார்க்கிற அதே டியூப் மட்டத்தில். நிறம் கலந்த தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனை நிலையாக ஓரிடத்தில், மறு முனையை நான் தூண் தூணாக எடுத்துப்போவேன். டியூபில் குமிழி நின்றால் அளவு பொய்யாகிவிடும், தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். எந்தத் தூண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சுண்ணக்கட்டியால் இரும்பிலேயே எழுதிவைப்பேன். தூக்குகிற வேலைக்கு இந்த வகை வீடுகளை நிறுத்தி மட்டம் செய்கிற, லைசென்ஸ் உள்ள இன்ஸ்டாலரைத்தான் கூப்பிடுகிறோம். நம் குறிப்பு கையில் இருந்தால் அவர் வேலையைச் சரிபார்க்க முடியும். ஜாக்கி இரும்புச் சட்டத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும், தரைக் கட்டைக்குக் கீழே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, மர ஆப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் எதிரெதிராக அடிப்பார்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் நுழையக் கூடாது. மட்டம் முடிந்ததும் காற்றுக்குக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகள் தளர்ந்துவிட்டனவா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். பலர் அதற்கு முன்பே பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

கரண்ட் போய், குழாய்கள் உறைந்து வெடித்த 2021 பிப்ரவரிக் குளிர் இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். குழாய்கள் உறையாமல் சூடேற்றுகிற மின்பட்டையான ஹீட் டேப் சுற்றியிருந்தாலும், கரண்ட் போனால் அது வெறும் ஒயர். மெயின் வால்வு எங்கே, எந்தக் குழாயைத் திறந்தால் முழுத் தண்ணீரும் வடியும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள். வாங்குகிற ஹீட் டேப்பும், வாட்டர் ஹீட்டரும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் மேனுஃபாக்சர்டு ஹோமுக்கு என்று அங்கீகரிக்கப்பட்டவையாக இருக்கட்டும்.

இனி காகிதம். ஹட் என்கிற அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறை இந்த வீடுகளைக் கட்ட வகுத்த விதி நடைமுறைக்கு வந்தது 1976 ஜூன் 15. அதற்கு முந்தையது மொபைல் ஹோம், அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. பிந்தையதில் ஒவ்வொரு பாதியின் வெளிச்சுவரிலும் சிறிய சிவப்பு உலோகத் தகடு இருக்கும். அது தொலைந்தால் ஹட் புதுத் தகடு தராது, சரிபார்ப்புக் கடிதம்தான் வாங்கலாம். ஆகவே வீடு வாங்கியதும் போட்டோ எடுத்து வையுங்கள். உள்ளே கிச்சன் அலமாரியிலோ, எலக்ட்ரிக்கல் பேனல் பக்கத்திலோ, படுக்கையறை குளோசெட்டிலோ டேட்டா பிளேட் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். வீடு எந்த விண்ட் ஜோனுக்கு, அதாவது எவ்வளவு பலமான காற்று வீசும் பகுதிக்கு, கட்டப்பட்டது என்று அதில் தெரியும். 1992 ஆண்ட்ரூ புயலில் இந்த வகை வீடுகள் சிதறியதைப் பார்த்துத்தான் 1994இல் காற்று விதிகளைக் கடுமையாக்கினார்கள். மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

டெக்சாஸில் இந்த வீட்டுக்கு உரிமைச் சான்று மாநில வீட்டுவசதித் துறையின் மேனுஃபாக்சர்டு ஹவுசிங் பிரிவிலிருந்து வருகிறது. தகட்டு எண்ணையோ சீரியல் எண்ணையோ கொடுத்து, வரி பாக்கி ஏறியிருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே தேடலாம். நிலமும் உங்களுடையது என்றால் வீட்டை அசையாச் சொத்தாக அறிவித்து, அந்தச் சான்றை கவுண்டி (மாவட்டம்) கிளார்க் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இந்த வகை வீடுகளை வரிசையாக நிறுத்த இடம் விடும் பார்க்கில் வாடகை இடம் என்றால் பொதுவாக அசையும் சொத்துக் கடன்தான் கிடைக்கும். வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு, இட வாடகையும் ஏறும். இவ்வளவு கையைக் கடிக்கிற இடத்தில் புது கவுண்டருக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள். மாதத் தவணையோடு இட வாடகையையும் கூட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள், நான் டார்ச் எடுத்துக்கொண்டு கூட வருகிறேன்.