பாட்டிலின் முதுகில் இரண்டு மில்லிமீட்டர்

ஜனவரி 12

அமெரிக்காவின் ஓரிகனில் சின்னதாக ஒரு டிஸ்டில்லரி (மது வடிக்கும் ஆலை) வைத்திருக்கும் சித்தி மகன் போன் செய்தான். ஏற்காட்டுக் காபிக்கொட்டையை ஊறவைத்து காபி லிக்கர் என்ற இனிப்பு மது போடப்போகிறானாம். "லேபிள் நீதாங்க்கா பண்ணித் தரணும்" என்றான். இத்தனை நாளும் ஊறுகாய், ஜவ்வரிசி, மசாலாப் பொடி என்றே லேபிள் செய்துவந்த எனக்கு இது புது வேலை. சரி என்றேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "போயும் போயும் சாராய பாட்டிலுக்கா?" என்றார். குடியால் சீரழிந்த குடும்பங்களை சேலம் குகைப் பகுதியில் எங்கள் தெருவில் நானும் பார்த்து வளர்ந்தவள்தான். வேறு யாரோ ஏனோதானோ என்று செய்வதைவிட நான் செய்வது மேல் என்று அம்மாவிடம் சொன்னேன். பதில் இல்லை.

ஜனவரி 16

அங்கே லேபிளைப் பார்த்து அனுமதி தருவது நிதித்துறையின் கீழ் உள்ள டிடிபி என்ற அமைப்பு. 5100.31 என்ற படிவம், ஆன்லைனிலேயே போடலாம், கட்டணம் கிடையாது. ஆனால் காபி லிக்கர் என்றால் முதலில் ஃபார்முலாவுக்கு, அதாவது சேர்மான விவரத்துக்கு, அனுமதி வாங்க வேண்டும். லிக்கர் என்று போட, எடையில் குறைந்தது 2.5 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும். ஃபார்முலா அனுமதியைத் தம்பி முன்பே வாங்கிவிட்டான். ஃபார்முலாவில் என்ன வகை என்று ஒப்புக்கொண்டார்களோ அதையேதான் லேபிளும் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே அனுமதி வாங்கிய லேபிள்களை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ராத்திரி வெகுநேரம் அதிலேயே போய்விட்டது. நம் ஊரிலும் இப்படி ஒரு வசதி இருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

ஜனவரி 21

இன்று முழுக்க எச்சரிக்கை வாசகம். 1988இல் சட்டம் போட்டு, 1989 நவம்பர் முதல் எல்லா மது பாட்டிலிலும் கட்டாயம் ஆக்கியிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் குடித்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம், குடித்தால் வண்டி ஓட்டும் திறனும் இயந்திரம் இயக்கும் திறனும் குறையும், உடல்நலம் கெடலாம். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. 'அரசு எச்சரிக்கை' என்ற முதல் இரண்டு சொற்கள் மட்டும் ஆங்கில கேபிடல் எழுத்தில், தடித்து. மீதி தடித்திருக்கவே கூடாது. எல்லாமே தடித்திருந்தால் தலைப்பு கண்ணில் படாதல்லவா? நல்ல யோசனை.

750 மி.லி. பாட்டிலுக்கு எழுத்தின் உயரம் குறைந்தது 2 மி.மீ. ஓர் அங்குலத்தில் 25 எழுத்துக்கு மேல் அடைக்கக் கூடாது. பிரிண்ட் எடுத்து, ஸ்கேலை வைத்து, பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். சின்ன எழுத்துகள் சரியாக 2 மி.மீ. தொடும் அளவுக்கு ஏற்றினேன். தம்பி அனுப்பிய மாதிரியில் இந்த வாசகம் காபி நிறத்தின் மேல் பொன்னிறத்தில் இருந்தது. பார்க்க அழகு, படிக்க முடியாது. விதியும் பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும் என்கிறது. வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்தாக்கினேன்.

ஜனவரி 27

பிராண்டு பெயர், என்ன வகை, எவ்வளவு ஆல்கஹால் ஆகிய மூன்றும் பாட்டிலைத் திருப்பாமலேயே ஒருசேரத் தெரிய வேண்டும். உருண்டையான பாட்டிலில் சுற்றளவில் 40 சதவீதம்தான் ஒரு பக்கமாம். அதே அளவில் ஒரு பாட்டிலைத் தேடி வாங்கி, நூலைச் சுற்றி அளந்தேன். 24 செ.மீ. அப்படியானால் 9.6 செ.மீ.க்குள் மூன்றும் அடங்க வேண்டும். வளைந்து படரும் காபிக் கிளை ஒன்று வரைந்திருந்தேன், அதைப் பின்பக்கம் தள்ளினேன்.

அப்புறம், கன அளவில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்பதை 'ஏபிவி' என்று சுருக்கி எழுத அனுமதியில்லை. 'ஆல்க். 30% பை வால்.' என்று போட்டேன். முன்பக்கம் தமிழ் எழுத்தில் 'ஏற்காடு' இருக்கிறது, அதற்கு விண்ணப்பத்தில் ஆங்கில விளக்கம் எழுதச் சொன்னேன்.

பின்பக்கம் 'சாப்பாட்டுக்குப் பிறகு செரிமானத்துக்கு நல்லது' என்று ஒரு வரி போடச் சொல்கிறான். எச்சரிக்கைக்கு இரண்டு விரற்கடை தள்ளி இப்படி ஒரு வரியா? வேண்டாம் என்றேன். "எல்லாரும் போடுறாங்கக்கா" என்கிறான். அவன் சரக்கு, அவன் கையெழுத்து. போட்டேன், மனமில்லாமல்.

பிப்ரவரி 3

மாமாவோடு ஏற்காடு. தம்பிக்குக் கொட்டை போவது அவருக்குத் தெரிந்தவர் தோட்டத்திலிருந்துதான். ஏற்காடு என்று எழுதப்போகிற நான் காயப்போட்டிருக்கும் கொட்டையைக் கண்ணால் பார்க்காமல் இருந்தால் எப்படி? களத்தில் அராபிகா பரந்து கிடந்தது, ஒரு பெண் காலாலேயே கிளறிக்கொண்டு நடந்தார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் காபி. பெயர் போட மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

பிப்ரவரி 9

அச்சுக்குப் போகும் கோப்பு சிஎம்ஒய்கே என்ற அச்சு நிறமுறையில். விண்ணப்பத்துக்கு ஆர்ஜிபி என்ற திரை நிறமுறையில். இரண்டு பிரதி தயார். அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 25

திருத்தம் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அந்தச் செரிமான வரிதான். உடல்நலத்துக்கு நல்லது என்று தோன்றவைக்கும் பேச்சு கூடாது. "எடுத்துடு அக்கா" என்றான். உடனே எடுத்தேன். அந்த இடத்தில் எதையும் நிரப்பவில்லை. எச்சரிக்கைக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

மார்ச் 7

அனுமதி வந்துவிட்டது! இனி பின்னணி நிறத்தை மாற்றினாலோ பாட்டில் அளவை மாற்றினாலோ அதற்கென்று புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அவனுக்கு அதற்குள் 50 மி.லி. குட்டி பாட்டில் வேண்டுமாம். 237 மி.லி. வரை எச்சரிக்கை எழுத்து 1 மி.மீ. இருந்தாலே போதும் என்று அவனே விதியைப் படித்துச் சொல்கிறான். ஒன்றரை வைக்கிறேன், கிளையைச் சின்னதாக்கிக்கொள்வோம் என்றேன்.