நாலு மில்லி எங்கருந்து வந்துச்சு

போன ஆடி மாசம் பாளையங்கோட்டைல இருந்து கன்னியாகுமரிக்கு வண்டில போனோம், நானும் வீட்டம்மாவும். ரெண்டு பக்கமும் பை, பின்னாடி ஒரு பொட்டி. நாங்குநேரி வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல, 44ஆம் நம்பர் நால்வழிச்சாலை சும்மா வழுக்கிட்டு போவும்ல, அப்படியே போனோம். பணகுடி தாண்டி காவல்கிணறு நெருங்குனப்போ ஆரல்வாய்மொழி கணவாய் காத்து பக்கவாட்டுல வந்து அறைஞ்சுது பாருங்க, அந்தப் பக்கம் இத்தனை காத்தாடிய சும்மாவா நட்டு வச்சிருக்கான். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னுவாங்க, எனக்கு முன்சக்கரம் பறக்கப் பாத்துச்சு. ஹேண்டில் லேசாயி, இடமும் வலமும் தலையாட்டுது, பின்னாடி இருந்து "பைய போங்க, பைய போங்க"ன்னு ஒரே சத்தம்.

போதாததுக்கு பாலத்து ஜாயிண்ட் ஒவ்வொண்ணுலயும் பின்னாடி டம்மு டம்முன்னு இரும்புல அடிக்கிற மாதிரி அடி. ராத்திரி திரும்பி வரும்போது எதிர்த்தாப்ல வந்த லாரிக்காரன் எல்லாம் லைட்ட போட்டுப் போட்டு காட்டுதான், நான் லோ பீம்ல தான் வாரேன், அவனுக்கு என்ன கோட்டியான்னு நெனச்சேன். பின்பக்கம் அமுங்கி, முன்னாடி தூக்கிக்கிட்டு, என் ஹெட்லைட் அவன் கண்ணுல தான் அடிச்சிருக்கு. கோட்டி எனக்கு தான்.

இதுக்கு முன்னால ரெண்டு வருசமா நான் பாத்த வைத்தியம் ஒண்ணே ஒண்ணு, சி ஸ்பேனர எடுத்து பின்னாடி ஷாக் அப்சார்பர்ல, ஸ்பிரிங்க முன்கூட்டியே அமுக்கி வைக்கிற பிரிலோட் வளையத்த இறுக்குறது. லோடு கூடுனா ஒரு சுத்து, இன்னும் அடிச்சா இன்னொரு சுத்து, கடைசில திருக மரையே இல்ல. இறுக்க இறுக்க ஸ்பிரிங் விறைப்பாவுதுன்னு தான் நம்பிட்டு இருந்தேன், எனக்கு தெரிஞ்ச முக்காவாசி பேரு இன்னும் அப்படித்தான் நம்புதாங்க. இதுல தனியா ஓட்டும்போது வேற ஒரு கூத்து, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்குனா பின்னாடி டக்குன்னு ஒரு சத்தம், அது என்னன்னே அப்போ புரியல.

மேலப்பாளையம் போற ரோட்டுல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கு, போர்டு கூட கிடையாது, அங்க இருக்க அண்ணாச்சிட்ட கொண்டுபோய் விட்டேன். "ஸ்பிரிங் தேஞ்சு உக்காந்துருச்சு அண்ணாச்சி, மாத்தணும்"னு நானே டாக்டராயி சொல்லிட்டேன். அவரு வண்டியவே தொடல, மொதல்ல டேப்ப எடுத்தாரு.

பின்சக்கரத்த தரையில படாம தூக்கி, அச்சுல இருந்து நேர் மேல வால் பக்கம் ஒரு மார்க் போட்டு அளந்தாரு. அப்புறம் பைய மாட்டி, நான் முன்னாடி உக்காந்து, கடைப்பையன் பின்னாடி உக்காந்து, இன்னொருத்தர் வண்டி சாயாம ஹேண்டில பிடிச்சுக்க, திரும்ப அளந்தாரு. ஒருதடவ அமுக்கி விட்டு, ஒருதடவ தூக்கி விட்டு, ரெண்டுக்கும் நடுவுல உள்ளத எடுத்துக்கிட்டாரு, ஏன்னா ஷாக் சீல்ல இருக்க உரசல்ல ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னப்பின்ன நிக்கும். தூக்கி வச்சு அளந்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் 105 மில்லிமீட்டர். என் வண்டிக்கு பின்சக்கரம் மொத்தமே 180 மில்லி தான் மேலயும் கீழயும் போகும். அதுல மூணுல ஒரு பங்கு, லோடு ஏத்துனா கொஞ்சம் கூட, அவ்வளவு தான் சும்மா நிக்கும்போது அமுங்கணும். எனக்கு பாதிக்கு மேல நின்ன இடத்துலயே காலி, குழிக்கு மிச்சம் 75. ஆளெல்லாம் இறங்குனப்புறம் வெறும் வண்டிய அளந்தா ஒரு மில்லி கூட அமுங்கல, வளையத்த அந்த இறுக்கு இறுக்கி வச்சிருக்கேன், அதான் தனியா போகும்போது ஷாக் முழுசா நீண்டு போய் டக்குன்னு இடிச்சிருக்கு.

சரி கழட்டுவோம்னா கீழ ஷாக்கையும் சக்கரத்துப் பக்கத்தையும் சேக்குற லிங்கேஜ் போல்ட் வரமாட்டேங்குது. உவரி கடக்கரைல மணல்ல வண்டிய விட்டு போட்டோ எடுத்த பாவம் எல்லாம் அங்க தான் துருவா இருந்துச்சு. ஆயில் விட்டு, டீ குடிச்சு, திரும்ப ஆயில் விட்டு, சாயங்காலம் ஆச்சு அது அசைய. உள்ள ஊசி பேரிங்ல கிரீஸ்ங்கிற பேச்சே இல்ல, வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் அடிச்சு அடிச்சு கழுவி விட்டிருக்கேன்.

ஷாக்க வெளிய எடுத்ததும் அண்ணாச்சி மொதல்ல வளையத்த முழுசா தளத்துனாரு. அந்த வளையம் ஸ்பிரிங்க 28 மில்லி அமுக்கி வச்சிருந்துச்சு, கணக்கு போட்டா ஏறக்குறைய 230 கிலோ விசை உள்ள மடங்கி கெடக்கு, அதோட கழட்டப் பாத்து விட்டுருச்சுன்னா மூஞ்சி இருக்காது. அப்புறமும் சும்மா கழட்டல, ரெண்டு தட்டும் நீள போல்ட்டும் வச்சு அவரே செஞ்ச கம்ப்ரஸர மாட்டிட்டு "ஏல, நேரே நிக்காத, தள்ளு"ன்னு பையன விரட்டுனாரு. ஷாக் உள்ள பிரஷர்ல நைட்ரஜன் இருக்கு, அந்தப் பக்கம் அவரு ஸ்பேனரே கொண்டுபோகல. ஷாக் கம்பில இருந்த, முழுசா அமுங்கும்போது அடிய தாங்குற ரப்பர் பம்ப் ஸ்டாப் பிஞ்சு உதிரி உதிரியா வந்துச்சு, அந்த டம்மு டம்மு எல்லாம் இது வாங்குன அடி தான்.

அப்புறம் செஞ்சாரு பாருங்க ஒரு வேல, அத பாக்கவே நீங்கல்லாம் இருந்திருக்கணும். ஸ்பிரிங்க மட்டும் எடுத்து, பக்கத்து அரிசிக்கடைல இருந்து எடை மிஷின வாங்கிட்டு வந்து பிரஸ்ஸுக்கு அடியில வச்சு, அது மேல ஸ்பிரிங்க நிப்பாட்டி அமுக்குனாரு. 10 மில்லி அமுங்குச்சு, மிஷின்ல 82 கிலோ. 20 மில்லி, 163. "பாத்தீயளா தம்பி, மொத பத்துக்கு 82, அடுத்த பத்துக்கும் கிட்டத்தட்ட அதே தான். நீங்க வளையத்த எங்க வச்சு இறுக்குனாலும் இது இம்புட்டு தான் விறைப்பு. வண்டி பின்னாடி கொஞ்சம் எந்திச்சு நிக்கும், அவ்வளவு தான். ஸ்பிரிங் கெழடாகல, நீங்க தான் லோட கூட்டிட்டீய." ரெண்டு வருசமா நான் திருகுனதுக்கு ரெண்டு வரில தீர்ப்பு.

அது 80 நியூட்டன் ஸ்பிரிங், அதாவது ஒவ்வொரு மில்லி அமுங்கவும் 80 நியூட்டன், ஏறக்குறைய எட்டு கிலோ பாரம். எங்க லோடுக்கு 105 வேணும்னு கணக்கு பண்ணி, கோயம்புத்தூர்ல ஸ்பிரிங் சுத்தித் தர்றவங்கட்ட சொன்னோம். உள் விட்டம், அமுக்காத நீளம், விறைப்பு இந்த மூணும் சரியா குடுக்கணும், உள் விட்டம் கூடக்குறைய இருந்தா ஷாக்ல ஸ்பிரிங்க தாங்குற தட்டுல உக்காராது. முழு ஷாக்கையே மாத்தலாமேன்னு கூட்டாளி ஒருத்தன் சொன்னான், அந்தக் காசுக்கு பழைய ஸ்கூட்டர் ஒண்ணே வாங்கிரலாம், போடா அங்கிட்டுன்னுட்டேன்.

ஒம்பது நாள் கழிச்சு பார்சல் வந்துச்சு. பிரிச்சு பாத்தா எனக்கு சப்புன்னு ஆயிருச்சு, பழசும் புதுசும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, பெயிண்ட் தான் வேற. அண்ணாச்சி வெர்னியர வச்சு காட்டுனாரு, கம்பி தடிமன்ல ஒரு மில்லி கூட வித்தியாசம் இல்ல. ஆனா விறைப்புல தடிமன் நாலாம் அடுக்கா பேசும், அதாவது தடிமன நாலு தடவ போட்டு பெருக்குற கணக்கு, 12 மில்லி கம்பிய 13 ஆக்குனா மத்ததெல்லாம் அதே அளவா இருந்தாலும் விறைப்பு 38 சதவீதத்துக்கு பக்கம் ஏறிரும். கண்ணால பாத்து ஸ்பிரிங் வாங்குற கேஸ் எல்லாம் இதுல தான் ஏமாறும்.

மாட்டுறது அரைநாள் வேல. புது பம்ப் ஸ்டாப், பேரிங் எல்லாத்துக்கும் கிரீஸ், போல்ட்ட டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கு. விறைப்பு கூடுன ஸ்பிரிங் திரும்பும்போதும் வேகமா உதைக்கும், அதனால அந்த உதைய மெதுவாக்குற ரீபவுண்ட் ஸ்குரூவ ரெண்டு கிளிக் கூட்டி வச்சாரு. ஷாக் கம்பில ஒரு சின்ன ஜிப் டையும் கட்டி விட்டாரு, எம்புட்டு தூரம் அமுங்குச்சுன்னு அது தள்ளிப்போய் நின்னு காட்டும். அதே பை, அதே கடைப்பையன், திரும்ப அளந்தோம், 66 மில்லி. ஹெட்லைட்டையும் செவத்துல அடிச்சு சரி பண்ணிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாள் காலைல அம்பாசமுத்திரம், வீட்டம்மாவோட அக்கா வீட்டுக்கு. கடைப்பையனும் அவளும் ஏறக்குறைய ஒரே எடை. எனக்கு தான் டேப் கோட்டி புடிச்சுருச்சே, கிளம்புறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு பையன கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். 70. ரெண்டு தடவ அளந்தாலும் 70. அண்ணாச்சிக்கு போன போட்டேன், ஒரே ராத்திரில ஸ்பிரிங் உக்காந்துருச்சான்னு. "அதெல்லாம் உக்காராது, நீங்க என்னமோ கூட ஏத்திருப்பீய"ன்னாரு. நான் எதுவும் ஏத்தலியே.

சரின்னு கிளம்பிட்டோம். முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி, ரோடு நல்லா இருக்க இடத்துல ஒண்ணும் தெரியாது, வீரவநல்லூர் தாண்டி ஒட்டுப்போட்ட இடங்கள் வரும்ல, அங்க தான் தெரிஞ்சுது. வண்டி ஒருதடவ அமுங்கி எந்திச்சு, அப்படியே நிக்குது, பழையபடி பொம்மைக்குதிர மாதிரி ஆட்டம் இல்ல. வயக்காட்டு காத்து அடிச்சுது, ஹேண்டில் அசையல. பின்னாடி "பைய போங்க" சத்தம் வரலியேன்னு திரும்பி பாத்தா தூங்கிட்டு வாரா. கல்லிடைக்குறிச்சில அப்பளம் வாங்க எறங்குனோம், அங்க வச்சே வண்டிக்கு அடியில படுத்து ஜிப் டைய பாத்தேன், இன்னும் ஒரு விரக்கடை மிச்சம் இருந்துச்சு. "வேட்டிய பாருங்க, எல்லாம் மண்ணு, சவத்துக்கு அடியில என்னத்த பாக்குதீய"ன்னு ஏச்சு விழுந்துச்சு.

அக்கா வீட்டு வாசல்ல நிப்பாட்டி வலது பைய கழட்டுனேன், கை இழுத்துருச்சு. தொறந்து பாத்தா பனையோலைப் பொட்டி, உள்ள உடன்குடி கருப்பட்டி.

"எத்தன கிலோடி இது?"

"ஆறு தான். அக்கா சுக்குக்காப்பிக்கு கேட்டா. அது ஒரு பாரமா உங்க வண்டிக்கு?"

அங்ஙனயே நின்னு அண்ணாச்சிக்கு போன் போட்டேன், மறுமுனைல ரொம்ப நேரம் சிரிப்பு மட்டும் தான் கேட்டுச்சு. அப்புறம், "எனக்கு ரெண்டு சில்லு எடுத்து வைங்க தம்பி"ன்னாரு.