அலைப்பலகையில் நிற்கும் நாய்க்கு அது பிடித்திருக்கிறதா?

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பசிபிக்கா நகரின் லின்டா மார் கடற்கரையில், ஆகஸ்ட் மாதத்தில், நாய்களுக்கான உலக அலைச்சறுக்கு (சர்ஃபிங்) போட்டி 2016 முதல் நடைபெற்று வருகிறது. தெற்கே சான் டியேகோ பகுதியில் இத்தகைய போட்டிகள் அதற்கும் முன்பே வேரூன்றிவிட்டன. வண்ண வண்ண மிதவை அங்கிகளை அணிந்த நாய்கள் பலகையின் மேல் நான்கு கால்களையும் ஊன்றியபடி கரையை நோக்கி வருவதைக் கண்டு கூட்டம் ஆரவாரிக்கிறது. கூட்டத்தின் மகிழ்ச்சியில் ஐயமில்லை. நாயின் மகிழ்ச்சியைப் பற்றித்தான் என் கேள்வி.

முதலில், அங்கே நடப்பது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். நாய் தானாக அலையைத் தேடிப் போவதில்லை. இடுப்பளவு நீரில் நிற்கும் உரிமையாளர் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஏற்ற அலை வரும்போது அதைத் தள்ளிவிடுகிறார். நகங்கள் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் மென்மையான மேற்பரப்புள்ள பலகைகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். ஆக, எந்த அலை, எத்தனை முறை என்பதையெல்லாம் முடிவு செய்பவர் மனிதர். நாய்க்கு மிஞ்சுவது ஒரே ஒரு முடிவுதான், விழுந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பது. என்னைக் கேட்டால், நடுவர்கள் வழங்கும் மதிப்பெண்ணைவிட அந்தத் திரும்புதலே நம்பத்தக்க சான்று. அலையில் கவிழ்ந்த நாய் பலகையை நோக்கி நீந்தினால் அதற்கு இது பிடித்திருக்கிறது. தலையைத் தூக்கிக்கொண்டு நேரே கரைக்கு விரைந்தால் பிடிக்கவில்லை.

பலகையின் மேல் இருக்கும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. காதுகளைத் தலையோடு ஒட்ட வைத்துக்கொள்வது, வாலைப் பின்னங்கால்களுக்கிடையே ஒடுக்குவது, உதட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, களைப்பில்லாதபோதும் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியுமளவுக்கு ஓரமாகப் பார்ப்பது ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். உடலை விறைத்துக்கொண்டு அசையாமல் பதுங்கியிருக்கும் நாயை "எவ்வளவு அழகாகச் சமநிலை காக்கிறது" என்று பாராட்டுவதைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

விரும்பிச் செய்யும் நாய்கள் இல்லாமலில்லை. சான் டியேகோவின் ரிக்கோஷே என்ற கோல்டன் ரிட்ரீவர் இன நாயை உடற்குறையுள்ளவர்களுக்கு உதவும் நாயாகப் பழக்கினார்கள்; பறவைகளைத் துரத்தும் குணம் போகாததால் அந்தப் பயிற்சியிலிருந்து விடுவித்தார்கள். கைகால் இயக்கம் இழந்த ஒரு சிறுவனோடு 2009 இல் தனித்தனிப் பலகைகளில் அலையேறிக்கொண்டிருந்தபோது, ரிக்கோஷே யாரும் ஏவாமலேயே தன் பலகையை விட்டு அவன் பலகைக்குத் தாவியது. அதன்பின் உடற்குறையுள்ள குழந்தைகளோடும் முன்னாள் படைவீரர்களோடும் அது பல ஆண்டுகள் அலையேறி, 2023 இல் மறைந்தது. ஆபி கேர்ள் என்ற ஆஸ்திரேலியக் கெல்ப்பி இன நாய் 2011 இல் சான் டியேகோவின் ஓஷன் பீச்சில் ஒரே அலையில் 107.2 மீட்டர் சறுக்கிக் கின்னஸ் சாதனை படைத்தது.

ஆனால், பிடித்திருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல; பல வேளைகளில் இவை எதிரெதிராகவே செல்கின்றன. பயந்த நாய் நீரிலிருந்து வெளியேறித் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. ஆசை மிகுந்த நாய்க்குத்தான் நிறுத்தத் தெரியாது. எறிந்த பந்தை எடுத்து வர ஏரியில் மீண்டும் மீண்டும் பாயும் லாப்ரடார், ஒவ்வொரு முறையும் திறந்த வாயோடு நீரையும் விழுங்குகிறது. நன்னீர் அளவுக்கு மீறி உள்ளே போனால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு குறைந்து மூளை வீங்கத் தொடங்கும். வயிறு உப்புதல், வாந்தி, தள்ளாட்டம், மங்கிய பார்வை ஆகியவை தோன்றினால் அது வெறும் களைப்பு என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்; சில மணி நேரத்தில் உயிரே போகக்கூடும். கடலில் ஆபத்து வேறு வகையானது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால், அதை அதிகம் விழுங்கிய நாய்க்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும், முற்றினால் வலிப்பும் வரும். அடிக்கடி கரைக்கு அழைத்துக் குடிநீர் கொடுத்து ஓய்வெடுக்க வைப்பதும், உருண்டையான பந்துக்குப் பதிலாக வாயை அதிகம் திறக்காமல் கவ்வக்கூடிய தட்டையான பொருளை எறிவதும் எளிய காப்புகள்.

இனத்தையும் பார்க்க வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் போன்றவை விரல்களுக்கிடையே சவ்வோடு நீருக்கென்றே வளர்த்தெடுக்கப்பட்டவை. கனத்த தலையும் குட்டைக் கால்களும் தட்டை முகமும் கொண்ட புல்டாக் நிலை வேறு. மூக்கை நீருக்கு மேலே வைக்க அது தலையை நிமிர்த்த வேண்டும்; நிமிர்த்தினால் பின்னுடல் அமிழ்கிறது. அப்படியிருந்தும், ஸ்கேட்போர்டால் புகழ்பெற்ற டில்மன் உட்படப் பல புல்டாக்குகள் அலையேறியிருக்கின்றன. பலகையில் நிற்க அவற்றின் தாழ்ந்த உடல் உதவுகிறது என்பது உண்மையே. விழுந்த பிறகு உதவுவது மிதவை அங்கி மட்டுமே. அந்த அங்கியின் முதுகில் பிடித்துத் தூக்குவதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நன்றாக நீந்தும் நாய்க்கும் அது தேவை, ஏனென்றால் அலை இழுத்துச் செல்லும்போது நீச்சல் திறமையைவிட நாம் எவ்வளவு விரைவாக அதை எட்டிப் பிடிக்கிறோம் என்பதே முக்கியம்.

பசிபிக்கா கடல் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். குளிர்நீரில் நெடுநேரம் நீந்திய லாப்ரடார்களுக்கு மறுநாள் வால் அடியிலிருந்தே துவண்டு தொங்குவதுண்டு. முறிந்துவிட்டதோ என்று உரிமையாளர்கள் பதறுகிறார்கள். அது தசைப் பாதிப்புதான், வலி இருந்தாலும் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும்.

எங்கள் வீட்டு லாப்ரடாரை அடுத்த போட்டிக்குப் பதிவு செய்யலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பலகையில் ஏற்றிய ஒவ்வொரு முறையும் அவன் குதித்திறங்கி, பலகையைத் திரும்பிக்கூடப் பாராமல், எங்களைச் சுற்றி உற்சாகமாக நீந்துகிறான். எனவே அவன் பெயரை நான் கொடுக்கவில்லை. பலகையை விற்பதற்கு விளம்பரம் கொடுத்திருக்கிறேன்.