பூஜ்ஜியம் காட்டிய தேடல்கள்

நூலக அறிவியலில் ஆய்வுக் கட்டுரை எழுத ஒரு சுலபமான வழி உண்டு. ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்கோபஸிலிருந்து ஏதாவதொரு பொருளில் பத்தாண்டுத் தரவை இறக்கி, விஓஎஸ்வியூவர் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால், வண்ணக் குமிழிகளாக ஒரு வரைபடம் வரும். எந்த ஆண்டில் அதிகம், எந்த நாடு முதலிடம் என்று நான்கு அட்டவணை. சிலரே நிறைய எழுதுகிறார்கள், பெரும்பாலோர் ஓரிரு கட்டுரையோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று லோட்கா 1926-இல் சொன்ன விதி பொருந்துகிறதா என்று இரண்டு பத்தி. இப்படி ஆறு கட்டுரை எழுதியிருக்கிறேன். பொருளை மாற்றினால் போதும், முடிவுரையில் அதிகம் கைவைக்க வேண்டியிருக்காது. பதவி உயர்வுப் படிவத்தில் ஆறும் ஏறின. அவற்றால் என் நூலகத்தில் ஒரு அலமாரிகூட இடம் மாறவில்லை.

இப்படிக் கட்டுரைகளை எண்ணி ஆராயும் நூலளவியலைப் பழிக்கவில்லை. பிராட்ஃபோர்டு லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் வேலை பார்த்தவர். ஒரு துறைக் கட்டுரைகளில் மூன்றிலொரு பங்கு சில இதழ்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, அடுத்த பங்கைத் திரட்டப் பல மடங்கு இதழ்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது என்று 1934-இல் அவர் காட்டினார். சந்தா கட்டும் நூலகருக்கு அது இன்றைக்கும் உதவும். அவரிடம் கேள்வி இருந்தது. என்னிடம் மென்பொருள்தான் இருந்தது.

எனக்கான கேள்வி தற்செயலாகத்தான் அகப்பட்டது. எங்களுடையது மருத்துவ நூலகம். நூற்பட்டியலில் எதுவும் கிடைக்காமல் போன தேடல்களை மென்பொருள் தனியே குறித்துவைத்திருந்தது, யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. பாதி எழுத்துப்பிழை. மீதியைப் பார்த்தபோதுதான் சங்கடமாக இருந்தது. பொருள்வாரித் தேடலில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டியவருக்குப் பூஜ்ஜியம். புத்தகங்கள் ஒரு வரிசை நிறைய இருக்கின்றன, ஆனால் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற பெயரில். ‘கேன்சர்’ என்று தேடியவர் ‘நியோபிளாசம்’ தெரியாததால் வெறுங்கையோடு போயிருக்கிறார். பழைய அட்டைப் பட்டியலில், வாசகர் சொல்லும் பெயரிலிருந்து பட்டியலில் உள்ள பெயருக்கு வழிகாட்ட ‘காண்க’ என்று ஒரு அட்டை போட்டு இதைத் தீர்த்திருப்பார்கள். கணினிக்கு மாறும்போது அந்த அட்டைகளை யாரும் ஏற்றவில்லை. ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்ற, நூலகவியல் முன்னோடி ரங்கநாதனின் நான்காம் விதியைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது நுழைவாயிலில்தான்.

சரிசெய்ய, ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியலில் வழங்கும் பெயரைக் குறித்துவைக்கும் கணினிப் பதிவுகளான மார்க் அதாரிட்டி பதிவுகளின் 450-ஆம் புலத்தில் வாசகர் சொல்லும் பெயரைச் சேர்க்க வேண்டும். என் கோப்பில் பயிலரங்குச் சான்றிதழ்கள் கனமாகவே இருக்கின்றன. பாதி, கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்தபடி வாங்கிய இணையவழிக் கருத்தரங்குகளுடையவை. அவற்றில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத சக ஊழியர்தான் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பதிவுகளை மார்க்எடிட் என்ற மென்பொருளில் மொத்தமாக மாற்றுவது எப்படி என்று இரண்டு மதியங்களில் சொல்லிக்கொடுத்தார்.

அதற்குள் வேறுவிதப் பூஜ்ஜியங்களும் வரத் தொடங்கின. ஓர் ஆய்வு மாணவர் கொண்டுவந்த மேற்கோள் பட்டியலில் மூன்று கட்டுரைகள் எங்கும் இல்லை. ஆசிரியர் உண்மை, இதழ் உண்மை, தொகுதி எண்கூடச் சரி. நம் சந்தாவில் இல்லை போலிருக்கிறது என்று வேறொரு நூலகத்துக்கும் எழுதிக் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணைப் போட்டபோது சம்பந்தமில்லாத கட்டுரை திறந்தது. சாட்ஜிபிடி தந்த பட்டியல் என்று மாணவர் அப்போதுதான் சொன்னார். இப்போது டிஓஐயைத் திறந்து பார், இதழின் உள்ளடக்கப் பக்கத்தோடு ஒப்பிடு என்பதைப் புதிய மாணவர் அறிமுக வகுப்பிலேயே செய்துகாட்டுகிறோம்.

பூஜ்ஜியத் தேடல்களைப் பற்றி ஏழாவது கட்டுரை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். திருத்தம் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறது. மதிப்பீட்டாளரின் முதல் குறிப்பு: இத்துறையின் ஆய்வுப்போக்கைக் காட்டும் விஓஎஸ்வியூவர் வரைபடம் ஒன்றைச் சேர்க்கவும்.