சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு நாங்க மனு போட்ட அனுபவம்

ஏற்காட்டுல ரவுண்டானாவைத் தாண்டி ரொம்ப தூரம் உள்ள போனா எங்க ஊரு, போற வழியில ஒரு ஓடை குறுக்க போகுது. மழைக்காலத்துல தண்ணி பெருகி வந்துருச்சுன்னா அந்தப் பக்கம் இருக்கறவங்க அந்தப் பக்கம்தான், இந்தப் பக்கம் இருக்கறவங்க இந்தப் பக்கம்தான். எங்க அண்ணிக்கு வலி வந்தது ஐப்பசி மாசம், ஆம்புலன்ஸ் ஓடைக்கு அக்கரையிலயே நின்னுருச்சு, போர்வையை மூங்கில்ல தொட்டில் மாதிரி கட்டி நாலு பேரு இடுப்பளவு தண்ணியில தூக்கிட்டுப் போனோம். புள்ளையும் தாயும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த ராத்திரிக்கு அப்புறம் இதை விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கு முன்னாடியும் மனு கொடுக்காம இல்லைங்க, ஒரு ஆபீஸ் விடாம கொடுத்து ரசீது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல சேர்த்து வெச்சிருந்தேன். எல்லாத்துக்கும் ஒரே பதில், பரிசீலனையில் உள்ளது. அப்பதான் சட்டமன்ற மனுக்கள் குழு சேலம் வருது, பொதுமக்கள் மனு கொடுக்கலாம்னு பேப்பர்ல அறிவிப்பு வந்துச்சு. எனக்கு அதுவரைக்கும் சட்டமன்றம்னா சென்னை கோட்டையில சட்டம் போடுற இடம்னு மட்டும்தான் தெரியும்.

ரிட்டயர் ஆன வாத்தியாரய்யா ஒருத்தர்தான் உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்தாரு. 234 எம்எல்ஏ, ஒரே அவை, மேலவை 1986லயே கலைச்சாச்சு. நம்ம ஏற்காடு தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்குனது, தமிழ்நாட்டுல அப்படி ரெண்டே ரெண்டு தொகுதிதான், இன்னொண்ணு சேந்தமங்கலம். பேரு மலையோடதா இருந்தாலும் வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கமும் இதுலதான் வருது, அதனால எம்எல்ஏவைப் பாக்க மலையில இருந்து ஒருத்தன் போறப்போ கீழே இருந்து பத்து பேரு நிப்பாங்க. மசோதா வந்தா அறிமுகம், விவாதம், பிரிவு பிரிவா ஓட்டு, அப்புறம் கவர்னர் ஒப்புதல், அரசிதழ்ல வந்தாதான் சட்டம். அவையில எல்லாத்தையும் பேச நேரம் இருக்காது, அதுக்குத்தான் கட்சி பாக்காம எம்எல்ஏக்களைப் போட்டு குழு குழுவா வெச்சிருக்காங்க, கணக்கு பாக்க ஒரு குழு, மந்திரி அவையில கொடுத்த வாக்குறுதி என்னாச்சுன்னு பாக்க ஒரு குழு, ஜனங்க மனுவைப் பாக்க இந்தக் குழு.

நான் எழுதிட்டுப் போன மனுவைப் பாத்துட்டு அவரு சிவப்புப் பேனாவை எடுத்தாரு. பாலம், பஸ், பள்ளிக்கூட வாத்தியார் இல்லாதது, பட்டா எல்லாத்தையும் ஒரே மனுவுல கொட்டியிருந்தேன். "தம்பி, ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினை, அதுவும் ஒரே துறை. பட்டா, பென்ஷன், வேலை, லோன், கோர்ட்டுல இருக்கற கேசு, ஆபீசர் மேல புகார், இதெல்லாம் இந்தக் குழு எடுக்காது. பல வருசமா தீராத பொதுப் பிரச்சினையா இருக்கணும்"னு சொல்லிட்டு மூணு பக்கத்தை முக்கால் பக்கமா அடிச்சாரு. பஸ்ஸை அடிக்கறப்போ எனக்கு மனசே இல்ல, ஆனா அவரு சொன்னது சரி. ஊரக வளர்ச்சித் துறை, தரைப்பாலம், அவ்வளவுதான். தமிழ்ல எழுதி தேதி போட்டு கையெழுத்து வெச்சு அஞ்சு காப்பி எடுத்து, குழுத் தலைவருக்குன்னு முகவரி போட்டு கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்துட்டு வந்தேன். ஒருத்தருக்கு ஒரு மனுதான், அதனால பஸ்ஸுக்கு பக்கத்து வீட்டு அக்கா தனியா போட்டாங்க.

கொஞ்ச நாள்ல கடுதாசி வந்துச்சு, இன்ன தேதி கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்குக்கு வரணும்னு. விடிகாலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி கலெக்டர் ஆபீஸ் வந்து சேந்தேன். உள்ள ஒரு பக்கம் குழு எம்எல்ஏக்கள், பக்கத்துல கலெக்டர், எதிர்ல எல்லாத் துறை அதிகாரிகளும். என் பேரைக் கூப்பிட்டதும் கால் நடுங்குச்சுங்க.

துறை அதிகாரி எந்திரிச்சு, அது வன நிலம், அதனால செய்ய முடியலைன்னாரு. இதைத்தான் இத்தனை வருசமா வாயாலயே சொல்லி அனுப்பிட்டிருந்தாங்க. வாத்தியாரய்யா இதை முன்னாடியே எதிர்பாத்து ஒரு ஜெராக்ஸ் கொடுத்து அனுப்பியிருந்தாரு. 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவு, ரோடு, பள்ளிக்கூடம், அங்கன்வாடி மாதிரி வேலைக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம இருந்தா, கிராம சபை பரிந்துரையோட நிலம் கொடுக்கலாம். அதோட எங்க கிராம சபைத் தீர்மானத்தையும் நீட்டுனேன். அது பார்லிமெண்ட் போட்ட சட்டம், 1976ல வந்த அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அப்புறம் காடு, மத்திய அரசும் மாநில அரசும் ரெண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியல்ல இருக்கு, நம்ம சட்டமன்றம் நினைச்ச மாதிரி மாத்த முடியாது, ஆனா இருக்கற சட்டத்தை ஏன் நடத்தலைன்னு அதிகாரியைக் கேட்க அந்தக் குழுவுக்கு முடியும்ங்கறதை அன்னைக்கு நேர்ல பாத்தேன்.

குழுவுல ஒரு எம்எல்ஏ அந்த ஜெராக்ஸை வாங்கிப் படிச்சுட்டு, "இந்தத் தீர்மானத்தை வனத்துறைக்கு அனுப்புனீங்களா?"ன்னு கேட்டாரு. அதிகாரி பைலைப் புரட்டுனாரு, புரட்டிக்கிட்டே இருந்தாரு. இல்லைன்னாரு. அடுத்து என்னைப் பாத்து, ஓடை எத்தனை அடி அகலம்னு கேட்டாங்க. முதல் நாளே கயிறு போட்டு அளந்து வெச்சிருந்தேன், 26 அடின்னு சொன்னேன், அது குறிப்புல ஏறுச்சு. கூட்டு ஆய்வு பண்ணி பதில் அனுப்பணும்னு எழுதிட்டாங்க. மொத்தமே அஞ்சு நிமிசம் இருக்கும்.

மனு போடப் போறவங்க யாரா இருந்தாலும் அளவு, தீர்மானம், பழைய ரசீது மூணையும் கையில வெச்சுக்கிட்டுப் போங்க. உணர்ச்சியா பேச வேண்டியதே இல்ல.

போன மாசம் வனத்துறையும் யூனியன் ஆபீஸ் இன்ஜினியரும் ஒண்ணா வந்தாங்க, அதுவே எங்க ஊருக்கு முதல் தடவை. டேப் பிடிச்சு அளந்து, ஓடைக்கு ரெண்டு கரையிலயும் பாறையில சிவப்பு பெயிண்ட்ல கோடு போட்டுட்டுப் போயிருக்காங்க. எஸ்டிமேட் இன்னும் வரல, நிதி ஒதுக்கணும். அண்ணி புள்ளையைத் தூக்கிட்டுப் போய் அந்தக் கோட்டைக் காட்டிட்டு வந்தாங்க.